இறையாண்மையும் தடுப்புக்காவலும்: கொங்கு வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இறையாண்மை பற்றிய தமிழ் உரையாடல் பெரும்பாலும் மைய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான அதிகாரப் பங்கீட்டைச் சுற்றியே அமைகிறது. அதே இறையாண்மை அரசுக்கும் தனிமனிதருக்கும் இடையே எவ்வாறு செயல்படுகிறது என்னும் கேள்வி அதற்கு அடுத்த இடத்தையே பெற்றுள்ளது. விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைக்கும் தடுப்புக்காவல் அதிகாரம் இக்கேள்வியை ஆராய்வதற்கு உகந்த களமாகும். காலனியக் காலம் முதல் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் சட்டம் வரை இவ்வதிகாரம் கடந்துவந்த வழியைக் கோவை, சேலம் ஆகிய கொங்கு நகரங்களோடு தொடர்புடைய நிகழ்வுகளின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது. விதிவிலக்கு என்பது நெருக்கடிக் காலத்தில் மட்டும் தோன்றுவதன்று. அது மாவட்ட நிருவாகத்தின் அன்றாடக் கோப்பாக மாறியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இறையாண்மை, விதிவிலக்கு நிலை, தடுப்புக்காவல், பொது ஒழுங்கு, அகநிறைவு, ஆட்கொணர்வு மனு, கொங்கு வட்டாரம்.

முன்னுரை

குற்றம் செய்தவரைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் பணி. குற்றம் செய்யக்கூடும் என்று கருதப்படுபவரை முன்னதாகவே சிறைப்படுத்துவது ஆட்சித்துறையின் பணியாக இருக்கலாமா? இந்திய அரசமைப்புச் சட்டம் ‘இருக்கலாம்’ என்றே விடையளிக்கிறது. அதுவும் அடிப்படை உரிமைகளைப் பட்டியலிடும் மூன்றாம் பகுதிக்குள்ளேயே, 22ஆம் பிரிவில், அந்த விடை இடம்பெற்றுள்ளது. உரிமையை வழங்கும் பகுதியிலேயே உரிமையை விலக்கும் அதிகாரமும் அமைந்திருப்பது தற்செயலன்று. அதன் பின்னால் ஒரு வரலாறும் ஓர் அரசியல் தத்துவமும் உள்ளன.

அவ்வரலாற்றில் சென்னை மாகாணத்துக்குத் தனியிடம் உண்டு. தனிமனித விடுதலை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெருந்தீர்ப்புகளுள் மூன்று சென்னை மாநில அரசை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்குகளில் பிறந்தவை. கொங்கு வட்டாரம் இவ்வரலாற்றின் பல கட்டங்களில் முன்னிற்கிறது. வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்த கோவைச் சிறை, 1950இல் கைதிகள் சுட்டுக்கொல்லப்பட்ட சேலம் சிறை, 1998இல் குண்டு வெடித்த ஆர்.எஸ்.புரம் ஆகிய மூன்றும் அரசின் வல்லமை எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியை வெவ்வேறு கோணங்களில் எழுப்புகின்றன.

1. இறையாண்மை: கருத்தும் அளவுகோலும்

‘இறையாண்மை’ என்பது புதிய ஆக்கச்சொல். ஆனால் அதன் முதற்கூறு பழையது. ‘இறை’ என்னும் சொல் அரசனையும் கடவுளையும் வரியையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறளின் ‘இறைமாட்சி’ அதிகாரம் அரசனின் சிறப்பைப் பேசுகிறது. ஈழத்தமிழ் வழக்கில் ‘இறைமை’ என்னும் வடிவம் நிலைபெற்றுள்ளது. ஆளுதல், வழிபடப்படுதல், பெறுதல் என்ற மூன்று பொருளும் ஒரே சொல்லில் கலந்திருப்பது அதிகாரத்தின் இயல்பையே உணர்த்துகிறது எனலாம்.

ஐரோப்பிய மரபில் இக்கருத்துக்குத் தெளிவான வரையறை தந்தவர் ழான் போதன். 1576இல் வெளிவந்த அவரது நூல் இறையாண்மையைப் பகுக்கவியலாத, நிலையான உச்ச அதிகாரமாகக் கண்டது. 1651இல் தாமஸ் ஹாப்ஸ் தம் ‘லெவியாத்தன்’ நூலில், அச்சத்திலிருந்து விடுபடுவதற்காக மக்கள் தங்கள் உரிமையைப் பொது அதிகாரத்திடம் ஒப்படைக்கின்றனர் என்று வாதிட்டார். 1922இல் கார்ல் ஷ்மிட் கேள்வியையே மாற்றினார். சட்டம் செல்லாத சூழல் எது என்று தீர்மானிப்பவன் யாரோ அவனே இறையாண்மை உடையவன் என்பது அவர் கருத்தின் சாரம். அவரது சிந்தனைக்குப் பின்புலமாக அமைந்தது வைமார் அரசமைப்பின் 48ஆம் பிரிவு. நெருக்கடியில் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்க அது குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் அளித்தது. 1933இல் இட்லரின் ஆட்சி அப்பிரிவையே பயன்படுத்தி உரிமைகளை முடக்கியது. ஷ்மிட்டும் அவ்வாட்சியோடு இணைந்தார். பின்னாளில் ஜார்ஜோ அகம்பென், விதிவிலக்கு நிலை தற்காலிக நடவடிக்கையாக இருந்த நிலை மாறி அரசாட்சியின் வழக்கமான முறையாகிவிட்டது என்று வாதிட்டார்.

ஷ்மிட்டின் இறையாண்மை நாடகத்தன்மை உடையது. ஒரு நாட்டின் தலைவர், ஒரு பேரிடர், ஒரு பிரகடனம் என்று அது உயரத்திலேயே நிகழ்கிறது. தமிழ்நாட்டின் அனுபவத்தை விளக்க இப்படிமம் போதாது. இங்கே விதிவிலக்கு பெரும்பாலும் ஒரு மாவட்ட ஆட்சியரின் அல்லது மாநகரக் காவல் ஆணையரின் கையொப்பத்தில் நிகழ்கிறது.

அளவுகோல் ஒன்றும் தேவை. திருக்குறளின் பொருட்பாலில் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மூன்றாவது அதிகாரத்தின் முதற்குறள், தக்கவாறு ஆராய்ந்த பின்னரே, குற்றத்துக்கு ஒத்த அளவில், அது மீண்டும் நிகழாதவாறு ஒறுக்க வேண்டும் என்று அரசனுக்கு வரையறை செய்கிறது. ஆராய்தல் முதலில்; ஒறுத்தல் அதன் பின். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தவறியது இவ்வரிசையில்தான். கள்வனைத் தண்டிக்கும் அதிகாரம் அவனுக்கு இருந்தது. ஆராயும் கடமையை அவன் கைவிட்டான். உண்மை வெளிப்பட்டதும் தன்னையே கள்வன் என்று கூறி உயிர்விடும் அரசனை இளங்கோவடிகள் காட்டுகிறார்.

இம்மரபை மிகைப்படுத்திக் காட்டுவதும் தவறாகும். குறளும் சிலம்பும் முடியாட்சிச் சூழலில் எழுந்தவை. அரசனைத் தடுக்கும் நிறுவனம் எதையும் அவை முன்வைக்கவில்லை. அரசனின் மனச்சான்றும் கண்ணகி போன்றோரின் சினமுமே அங்குத் தடைகள். நவீன அரசமைப்பு இவ்விடத்தில்தான் முன்னேற வேண்டும்: ஆராயும் கடமையை அரசனின் அறத்திலிருந்து எடுத்து நீதிமன்றத்தின் கையில் ஒப்படைக்க வேண்டும். தடுப்புக்காவல் அந்த ஒப்படைப்பைத் திரும்பப் பெறுகிறது என்பதே அதன் மீதான அடிப்படை மறுப்பாகும்.

2. காலனிய மரபு: வழக்கும் காவலும்

வங்காளத்தின் 1818ஆம் ஆண்டு மூன்றாம் ஒழுங்குமுறையும் அதைப் பின்பற்றிச் சென்னையில் வந்த 1819ஆம் ஆண்டு இரண்டாம் ஒழுங்குமுறையும் ‘அரசுக் காரணங்களுக்காக’ எவரையும் வழக்கின்றிச் சிறையில் வைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தன. 1907இல் லாலா லஜபதி ராய் மாண்டலேக்கு நாடு கடத்தப்பட்டது இவ்வகை அதிகாரத்தின் கீழ்தான். முதலாம் உலகப்போர்க் காலத்தின் இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் 1919இன் ரௌலட் சட்டமும் அதே வழியில் வந்தவை.

காலனிய அரசிடம் இரண்டு கருவிகள் இருந்தன: வழக்கு, காவல். வ.உ.சி. மீது முதற்கருவி பயன்படுத்தப்பட்டது. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அவர் கோவைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார், அங்கே செக்கிழுத்தார், 1910 இறுதியில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அத்தண்டனை கொடியது, அதற்கு அடிப்படையான அரசத் துரோகச் சட்டப்பிரிவும் கொடியது. எனினும் அங்கே ஒரு குற்றச்சாட்டு இருந்தது, சாட்சியம் இருந்தது, தீர்ப்பு இருந்தது, மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. அரசின் அநீதி ஏட்டில் பதிவாயிற்று. அவ்வேடே பின்னர் அவ்வரசுக்கு எதிரான சான்றாயிற்று.

காவலாணையின் கீழ் அடைக்கப்பட்டவருக்கு இந்த ஏடு இல்லை. மறுப்பதற்குக் குற்றச்சாட்டு இல்லை. குறுக்கு விசாரணை செய்யச் சாட்சி இல்லை. எதிர்த்து மேல்முறையீடு செய்யத் தீர்ப்பும் இல்லை. அதிகாரியின் ‘நிறைவு’ ஒன்றே எஞ்சுகிறது. அநீதியான விசாரணையிலும் அதிகாரம் தன் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். காவலில் அந்தக் கட்டாயம் பெரிதும் தளர்கிறது. இறையாண்மையின் தூய வடிவம் தூக்குமேடையில் காணப்படுவதைக் காட்டிலும் காரணம் சொல்ல வேண்டாத நிலையில்தான் தெளிவாகக் காணப்படுகிறது.

3. அரசமைப்பின் உள்ளே: 1947–1952

விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1947இல், சென்னை மாகாணக் காங்கிரசு அரசு பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1949இல் அது புதிய வடிவில் மீண்டும் வந்தது. அதே ஆண்டில் மாகாணத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி தடைசெய்யப்பட்டது. காலனியச் சிறைகளில் வாடியவர்களே இப்போது ஆட்சியில் இருந்தனர்; ஆயினும் கருவி மாறவில்லை.

அரசமைப்பு நிருணய சபையில் 1949 செப்டம்பரில் இன்றைய 22ஆம் பிரிவின் முன்வரைவு விவாதிக்கப்பட்டது. ‘உரிய சட்டமுறை’ என்னும் அமெரிக்கத் தொடரைக் கைவிட்டு, ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்ற தொடரை 21ஆம் பிரிவில் ஏற்றதனால் ஏற்பட்ட இழப்பை ஓரளவு ஈடுசெய்யவே இப்பிரிவைக் கொண்டுவந்ததாக அம்பேத்கர் விளக்கினார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும், அவர் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம் என்னும் காப்புகளைப் பிரிவின் முதற்பகுதி தந்தது. அடுத்த உட்பிரிவு அவ்விரு காப்புகளும் தடுப்புக்காவலில் இருப்பவருக்குப் பொருந்தா என்றது. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட காவலுக்கு மட்டும் அறிவுரைக் குழுமத்தின் கருத்து கட்டாயமாக்கப்பட்டது. பொதுநலனுக்கு ஊறு என்று அதிகாரி கருதும் செய்திகளைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்றும் விதிக்கப்பட்டது.

1950 ஜனவரி 26இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதினாறாம் நாள், பிப்ரவரி 11இல், சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச்சூட்டில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மலபாரைச் சேர்ந்தவர்கள். குடியரசின் முதல் மாதம் முடியும் முன்பே நாடாளுமன்றம் தடுப்புக்காவல் சட்டத்தை நிறைவேற்றியது. ஓராண்டுக்கென்று வந்த அச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 1969 இறுதிவரை நீடித்தது. தற்காலிகம் நிரந்தரமாவதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

அச்சட்டத்தை எதிர்த்தவர் ஏ.கே. கோபாலன். அவர் 1947 டிசம்பர் முதல் சென்னை அரசின் காவலில் இருந்தார். வழக்கமான சட்டத்தின்கீழ் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் நீக்கப்பட்ட பின்னும் காவல் தொடர்ந்தது. 1950 மார்ச் 1இல் புதிய சட்டத்தின்கீழ் புதிய ஆணை அளிக்கப்பட்டது. அவருக்காக எம்.கே. நம்பியார் வாதிட்டார். மே 19இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சட்டத்தைச் செல்லும் என்றது. ஒவ்வோர் அடிப்படை உரிமையும் தனித்தனியானது; சட்டமன்றம் முறையாக இயற்றிய நடைமுறை எதுவாயினும் 21ஆம் பிரிவுக்குப் போதும் என்பது அதன் நிலைப்பாடு. நீதிபதி பசல் அலி மாறுபட்டார். காவலின் காரணங்களை நீதிமன்றத்துக்கும் வெளியிடக்கூடாது என்ற 14ஆம் பிரிவை மட்டும் நீதிமன்றம் செல்லாததாக்கியது.

அதே மாதம் 26இல் வந்த ரொமேஷ் தாப்பர் வழக்கு, ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழைவதைத் தடுத்த ஆணையைப் பற்றியது. ‘பொது ஒழுங்கு’ என்ற அகன்ற காரணத்தால் பேச்சுரிமையைத் தடுக்க அரசமைப்பில் இடமில்லை என்று நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டே முதல் அரசமைப்புத் திருத்தம் அந்த இடத்தை உருவாக்கியது. 1952இன் வி.ஜி. ராவ் வழக்கில், சங்கங்களைத் தடைசெய்யும் சென்னைத் திருத்தச் சட்டம் அரசின் அகநிறைவை மட்டுமே நம்பியிருப்பதால் செல்லாது என்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது.

இம்மூன்று தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு முரண் புலப்படுகிறது. இதழைத் தடுக்கவும் சங்கத்தைக் கலைக்கவும் அரசின் நிறைவு போதாது. மனிதரைச் சிறையில் அடைக்க அது போதும். இம்முரண் இன்றும் முழுமையாகத் தீரவில்லை.

4. நெருக்கடிநிலை: விதிவிலக்கின் உச்சம்

1971இல் மிசா என்று அறியப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை பிரகடனமாயிற்று. இரு நாள்களில், 14, 21, 22 ஆகிய பிரிவுகளின் உரிமைகளுக்காக நீதிமன்றத்தை நாடும் வழி குடியரசுத் தலைவரின் ஆணையால் அடைக்கப்பட்டது. மிசாவில் சேர்க்கப்பட்ட 16அ பிரிவு காவலின் காரணங்களை இரகசியமாக்கியது. 1950இல் நீதிமன்றம் வெளியேற்றிய அதே இரகசியம் வேறு வாயில் வழியாகத் திரும்பியது.

தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு நெருக்கடிநிலையை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிய கட்சியின் அரசாக இருந்தது. 1976 ஜனவரி 31இல் அது 356ஆம் பிரிவின்கீழ் கலைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து மிசா கைதுகள் பெருகின. சென்னை மத்திய சிறையில் கைதிகள் தாக்கப்பட்டனர். நாடாளுமன்ற உறுப்பினர் சி. சிட்டிபாபு காவலிலிருந்த காலத்திலேயே 1977 ஜனவரியில் இறந்தார். இந்நிகழ்வுகளை நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்தது.

1976 ஏப்ரல் 28இல் ஜபல்பூர் வழக்கில், நெருக்கடிநிலையின்போது ஆட்கொணர்வு மனு தொடுக்கும் தகுதி எவருக்கும் இல்லை என்று நான்கு நீதிபதிகள் கூறினர். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். ஒருவரைத் தவறுதலாகக் காவலில் வைத்தால்கூட நீதிமன்றம் தலையிட இயலாது என்பதே அத்தீர்ப்பின் விளைவு. ஷ்மிட் வரைந்த இறையாண்மையை இந்திய நீதிமன்றமே அன்று ஏற்றுக்கொண்டது எனலாம். 2017இல் புட்டசாமி வழக்கில் அத்தீர்ப்பு வெளிப்படையாகக் கைவிடப்பட்டது.

கொங்கு வட்டாரம் இக்காலத்தைக் கட்சிக்கோடுகளுக்கு அப்பால் பார்க்கத் தூண்டுகிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் பிறந்து, அரசமைப்பு நிருணய சபையில் உறுப்பினராயிருந்த சி. சுப்பிரமணியம் நெருக்கடிநிலை அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தார். கோவைத் தொகுதியை அப்போது மக்களவையில் பெற்றிருந்தது இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி. அக்கட்சி நெருக்கடிநிலையை ஆதரித்தது. சேலம் சிறையில் தோழர்களை இழந்த இயக்கத்தின் ஒரு பிரிவு, விசாரணையற்ற சிறைவாசத்தை ஏற்கும் நிலைக்குக் கால் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. மற்றொரு பிரிவில் நின்ற ஏ.கே. கோபாலன் அதை எதிர்த்தார். நெருக்கடிநிலை விலக்கப்பட்டதற்கு மறுநாள், 1977 மார்ச் 22இல், மறைந்தார். தடுப்புக்காவலை எதிர்ப்பதும் ஏற்பதும் கொள்கையைவிட, அரசு யாருடைய கையில் இருக்கிறது என்பதையே பொறுத்திருந்தன.

1978இன் 44ஆம் திருத்தம் நெருக்கடிநிலையின் வாயில்களைச் சுருக்கியது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணம் ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்றானது. 20, 21ஆம் பிரிவுகளை இனி நிறுத்திவைக்க இயலாது. அதே திருத்தம் 22ஆம் பிரிவையும் சீர்செய்தது: மூன்று மாத வரம்பை இரண்டாகக் குறைத்தது, அறிவுரைக் குழுமத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கச் சொன்னது. ஆனால் அந்தப் பகுதி மட்டும் இதுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தமொன்றை ஆட்சித்துறை அறிவிக்கை வெளியிடாமலே நிறுத்திவைத்துள்ளது. பின்வந்த எல்லாக் கட்சி அரசுகளும் இதில் ஒன்றுபட்டுள்ளன.

5. அன்றாட விதிவிலக்கு: 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம்

பாதுகாப்பு, வெளியுறவு முதலிய காரணங்களுக்கான தடுப்புக்காவல் மைய அரசின் பட்டியலில் உள்ளது. பொது ஒழுங்குக்கான தடுப்புக்காவல் பொதுப்பட்டியலின் மூன்றாம் இனமாக உள்ளது. ஆகவே மாநில அரசும் இவ்வதிகாரத்தைப் பெற்றுள்ளது. 1971இல் இராஜமன்னார் குழு அறிக்கை அளித்தது. 1974இல் மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 356ஆம் பிரிவால் இம்மாநில அரசு 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. தில்லியின் அதிகார மிகைக்கு எதிராக இத்துணைத் தெளிவாகப் பேசிய மாநிலம் தன் குடிமக்கள் மீது விசாரணையற்ற காவலைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறது.

மக்கள் ‘குண்டர் சட்டம்’ என்றழைக்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் குற்றவாளிகள், குடிசைப்பகுதி நிலம் பறிப்போர் ஆகியோரைக் கருதி இயற்றப்பட்டது. பின்னர் வனக் குற்றவாளிகளும் மணல் குற்றவாளிகளும் சேர்ந்தனர்; 2004இல் திருட்டு வீடியோ தயாரிப்போர் சேர்ந்தனர்; 2014இல் இணையக் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும் சேர்ந்தனர். சட்டத்தின் பெயரே நீண்டுகொண்டு செல்வது விதிவிலக்கு வளரும் முறையைக் காட்டுகிறது. ஒவ்வொரு காலத்திலும் பொதுமக்கள் வெறுக்கும் ஒரு குற்றம் முன்வைக்கப்படுகிறது. அக்குற்றத்தை விசாரிக்கும் முறையைத் திருத்துவதற்கு மாறாக விசாரணையைத் தவிர்க்கும் பட்டியலில் அது சேர்க்கப்படுகிறது.

சட்டம் இயங்கும் விதம் பின்வருமாறு. மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர் காவலாணை பிறப்பிக்கிறார். ஐந்து நாள்களுக்குள் காரணங்கள் கைதிக்குத் தரப்பட வேண்டும். 12 நாள்களுக்குள் மாநில அரசு ஒப்புதல் அளிக்க வேண்டும். மூன்று வாரங்களுக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். ஏழு வாரங்களுக்குள் குழுமம் கருத்துரைக்க வேண்டும். காவலின் உச்ச வரம்பு 12 மாதங்கள். குழுமத்தின்முன் வழக்கறிஞர் வழி வாதிடும் உரிமை கைதிக்கு இல்லை. தேசியப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய ஏ.கே. ராய் வழக்கிலும் (1981) இந்நிலை உறுதிசெய்யப்பட்டது. இங்கே சட்டமின்மை இல்லை. நாள் கணக்கு, படிவம், ஒப்புதல் எல்லாம் உண்டு. இல்லாதது ஆராய்தல் மட்டுமே. அதிகாரியின் நிறைவுக்குச் சான்றுகள் போதுமா என்று நீதிமன்றம் எடைபோடுவதில்லை. அவர் மனம் செலுத்தினாரா, நடைமுறை பிழையின்றி நடந்ததா என்றே பார்க்கிறது. அதனால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் பலவும் முறையீட்டைப் பரிசீலிப்பதில் ஏற்பட்ட காலத்தாழ்வு, தமிழாக்கம் தராமை போன்ற நடைமுறைக் குறைகளால் வெற்றி பெறுகின்றன. அவ்வெற்றி வரும்போது சில மாதங்கள் சிறையில் கழிந்துவிடுகின்றன.

2011இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லையைக் குறித்தது. காலாவதியான மருந்துகளை விற்றதாகக் கூறப்பட்டவரின் காவலாணையை நீக்கிய நீதிமன்றம், சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக்காவலை நாடுவது சட்டவிரோதம் என்றது. பிணையில் வந்துவிடக்கூடும் என்ற வெற்று அச்சம் போதாது என்றும் கூறியது. ஆயினும் 2017 மே மாதம் சென்னை மெரினாவில் நினைவேந்தலுக்கு முயன்ற திருமுருகன் காந்தி இச்சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் சேலத்தில் துண்டறிக்கை வழங்கிய இதழியல் மாணவி ஒருவர் கைதாகி, இதே சட்டத்தின்கீழ் கோவைச் சிறையில் வைக்கப்பட்டார். இரண்டு ஆணைகளையும் சென்னை உயர் நீதிமன்றம் செப்டம்பரில் நீக்கியது. ராம் மனோகர் லோகியா வழக்கில் (1965) உச்ச நீதிமன்றம் வரைந்த வேறுபாடு இங்கே நினைவுகூரத்தக்கது. சட்டம் ஒழுங்கு, பொது ஒழுங்கு, அரசின் பாதுகாப்பு ஆகியன ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வட்டங்கள். வெளிவட்டத்துக்கு உரியதை உள்வட்டத்தின் கருவியால் தண்டிக்கலாகாது. துண்டறிக்கை எந்த வட்டத்துக்கும் உரியதன்று.

மொழி வழக்கும் ஒன்றைச் சொல்கிறது. தமிழ் நாளிதழ்கள் ‘குண்டர் சட்டம் பாய்ந்தது’ என்றே எழுதுகின்றன. பாய்வது விலங்கின் செயல். அத்தொடரில் ஆணையிட்ட அதிகாரி இல்லை; அவர் எழுதிய காரணமும் இல்லை. முடிவெடுத்த மனிதர் எழுவாய் நிலையிலிருந்து மறைந்து, சட்டமே தானாகப் பாய்ந்ததாகிறது. ஷ்மிட் தேடிய ‘தீர்மானிப்பவன்’ இங்கே வாக்கியத்திலேயே ஒளிந்துகொள்கிறான்.

6. ஆர்.எஸ்.புரம், 1998: கடினமான எடுத்துக்காட்டு

தடுப்புக்காவலை எதிர்ப்போர் விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பெருங்கொலை நிகழவிருக்கும்போது அரசு கைகட்டி நிற்க வேண்டுமா? இக்கேள்வியை அருவமாகக் கேட்பதைவிடக் கோவையின் அனுபவத்தில் வைத்துக் கேட்பது பயன்தரும்.

இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கிய ஆர்.எஸ்.புரம் கோவையின் திட்டமிட்ட குடியிருப்புகளுள் ஒன்று. அவருக்குக் காலனிய அரசு அளித்த ‘திவான் பகதூர்’ பட்டம் அங்குள்ள டி.பி. சாலையின் பெயரில் சுருங்கி நிற்கிறது. 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் இறந்தனர். 1998 பிப்ரவரி 14இல் ஆர்.எஸ்.புரத்தில் எல்.கே. அத்வானியின் தேர்தல் கூட்டம் நடக்கவிருந்த இடத்துக்கு அருகிலும் நகரின் பிற இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

தடா சட்டம் 1995இல் காலாவதியாகியிருந்தது. பொடா 2002இல்தான் சட்டமானது. ஆகவே இப்பெருவழக்கு இந்தியத் தண்டனைச் சட்டம், வெடிபொருள் சட்டம் முதலிய வழக்கமான சட்டங்களின் கீழ் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 2007 ஆகஸ்டில் கோவைத் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோருள் பெரும்பாலோரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மாநிலத்தின் மிகக் கொடிய குண்டுவெடிப்பு வழக்கு, சிறப்புப் பயங்கரவாதச் சட்டம் எதுவுமின்றித் தண்டனையில் முடிந்தது. ‘சாதாரணச் சட்டம் போதாது’ என்ற வாதத்துக்கு எதிரான வலுவான சான்று இது.

அதே வழக்கு மறுபக்கத்தையும் காட்டுகிறது. கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக விசாரணைக் கைதியாக இருந்தபின் இவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். விசாரணை நடந்தது, ஆனால் அது முடிவதற்குள் ஒரு தண்டனைக்காலமே கழிந்துவிட்டது. பிணை மறுப்பும் காலத்தாழ்வும் சேரும்போது வழக்கே காவலாணையின் பணியைச் செய்துவிடுகிறது. எனவே தடுப்புக்காவலை நீக்குவது மட்டும் போதாது. விசாரணை விரைந்து நடக்காவிடில் ஆராய்தலும் ஒறுத்தலும் மீண்டும் இடம் மாறிவிடும். வெடிப்பில் உறவினரை இழந்தோருக்கும் இதே தாழ்வு அநீதியே. பாதுகாப்பும் உரிமையும் எதிரெதிர்த் தட்டுகளில் நிற்பவை என்ற கருத்து இங்கே பொருந்தவில்லை. விரைவான, நேர்மையான விசாரணை இரண்டையும் ஒருங்கே காக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, இந்திய அரசமைப்பில் விதிவிலக்கு சட்டத்துக்கு வெளியே இல்லை. அடிப்படை உரிமைகளின் பகுதிக்குள்ளேயே இடம்பெற்று, நடைமுறைகளால் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது. இரண்டாவது, இறையாண்மையின் தீர்மானம் உச்சியிலிருந்து மாவட்ட அலுவலகம் வரை பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. வல்லாட்சியைத் தேடுவோர் பிரகடனங்களை மட்டுமன்றிக் கோப்புகளையும் பார்க்க வேண்டும். மூன்றாவது, மாநிலத் தன்னாட்சிக்கான வாதமும் தனிமனித விடுதலைக்கான வாதமும் ஒரே வேரிலிருந்து எழுபவை. காரணம் காட்டாமல் ஓர் அரசைக் கலைப்பது தவறென்றால், விசாரிக்காமல் ஒருவரை அடைப்பதும் தவறே. 1994இன் பொம்மை தீர்ப்பு முன்னதற்கு நீதிமன்றக் கண்காணிப்பை உறுதிசெய்தது. பின்னதற்கு அத்தகைய முழுமையான கண்காணிப்பு இன்னும் வரவில்லை.

44ஆம் திருத்தத்தின் நிறுத்திவைக்கப்பட்ட பகுதியை நடைமுறைப்படுத்துதல், அறிவுரைக் குழுமத்தின்முன் வழக்கறிஞரை அனுமதித்தல், நீக்கப்பட்ட காவலாணைகளுக்கு இழப்பீடு வழங்குதல் ஆகிய மூன்றும் அரசமைப்பின் எல்லைக்குள்ளேயே செய்யக்கூடிய சீர்திருத்தங்கள். ஆய்வுலகுக்கும் பணி உண்டு. மாவட்டவாரியாகக் காவலாணைகளின் மொழி, அவற்றின் காரணங்கள், அவை நீக்கப்பட்ட விதம் ஆகியவை தமிழில் தொகுக்கப்பட வேண்டும். வழக்கு விட்டுச்செல்லும் ஏட்டைக் காவலாணை விட்டுச்செல்வதில்லை. அந்த ஏட்டை உருவாக்குவது ஆய்வாளரின் கடமையாகிறது.